நாலு மில்லி கேபிளும் நான் சொன்ன பொய்யும்

சில வாரங்களுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. அலோர் காஜாவில் என் வீட்டு கேட் முன்னால் ஒரு பழைய வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் கணவன், மனைவி. முனியாண்டி குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மனைவி லெட்சுமி. புலாவ் செபாங்கிலிருந்து வந்திருந்தார்கள். இருவரும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களாம். கையில் ஒரு ஐஸ் பெட்டி. உள்ளே ஆற்று இறால்!

வாசகர் வீடு தேடி வந்தால் எழுதுகிறவனுக்கு எப்படி இருக்கும்? கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். லெட்சுமியின் வலது உள்ளங்கையில் கட்டு.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல சார். நீங்க நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. நான்தான் ஏதோ தப்பா செஞ்சிட்டேன்..."

உங்களுக்கு நினைவிருக்கலாம். என் சின்ன ஃபைபர் படகைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். மீன் பிடிக்க வாங்கியது, பேட்டரியில் ஓடும் மோட்டார். அந்தப் படகுக்கு நானே வயரிங் செய்த பெருமையில், கேபிள் எந்த சைஸில், அதாவது கடையில் சுருக்கமாக 'மில்லி' என்று சொல்லும் சதுர மில்லிமீட்டரில் எத்தனை, போட வேண்டும் என்று ஊருக்கே பாடம் நடத்தியிருந்தேன். லெட்சுமி அந்த வரிகளை அப்படியே ஒப்பித்தார்.

"'வாட்டர் ஹீட்டர் மூவாயிரத்து அறுநூறு வாட். அதையே நாலு மில்லி வயர் தாங்குது. படகு மோட்டார் வெறும் அறுநூறு வாட். யானை நடந்த பாலத்துல ஆட்டுக்குட்டி நடக்காதா?' — சூப்பரா இருந்துச்சு சார். இவரு தடியா போடணும்னு சொன்னாரு. நான்தான், சாரே எழுதியிருக்காரு லான்னு சொல்லி எங்க படகுலயும் நாலு மில்லி போட வச்சேன்."

அந்த ஆட்டுக்குட்டி வரி எனக்கும் ரொம்பப் பிடித்த வரி. எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

நடந்ததை முனியாண்டி சொன்னார். அவர்கள் படகில் எடை சமமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து முன்பக்கம் வைத்திருந்தார்கள். மோட்டார் பின்பக்கம். கேபிள் நடுவே பலகைக்கு அடியில் ஓடியது. லிங்கி ஆற்றின் நடுவில் போகும்போது மோட்டார் இழுக்காமல் முனகியது. நீரோட்டம் அதிகம் என்று நினைத்து முழு வேகத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பலகைக்கு அடியிலிருந்து புகை. பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது லெட்சுமி. வெறும் கையால் கேபிளைப் பிடித்துப் பிடுங்கிவிட்டார்.

தீ பிடிக்கவில்லை. ஆனால் படகு நீரோட்டத்தோடு போக ஆரம்பித்தது. முதலை இருக்கிற ஆறு அது. இறால் பிடிக்க வந்த இன்னொரு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்.

"கேபிளைக் கொண்டாந்திருக்கேன் சார், பாருங்க" என்று முனியாண்டி வேனிலிருந்து எடுத்து வந்தார்.

கையில் வாங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. முனையில் ஜாயிண்ட் தளர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும்தான் கருகும். இது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருகியிருந்தது. கேபிளே போதவில்லை. அவர்கள் மோட்டாரும் என்னுடையதைப் போல அறுநூறு வாட்தான். ஆனால் இரண்டு பேட்டரிகளையும் இணையாகச் சேர்த்திருந்ததால் வெறும் பன்னிரண்டு வோல்ட். வகுத்துப் பார்த்தால் ஐம்பது ஆம்பியர். வீட்டு ஹீட்டர் இருநூற்று நாற்பது வோல்ட்டில் ஓடுவதால் அதற்குப் பதினைந்து ஆம்பியர்தான். வயரைச் சுடவைப்பது வாட் இல்லை, ஆம்பியர். நான் ஆட்டுக்குட்டி என்று எழுதியதுதான் யானை.

என் படகு ஏன் எரியவில்லை? என் பேட்டரி மோட்டார் பக்கத்திலேயே இருக்கிறது. கேபிள் ஒரு முழம்கூட இல்லை, அதுவும் திறந்த காற்றில். அதோடு, நான் ஆமை வேகத்தில் ஓட்டுகிறவன். வெறும் அதிர்ஷ்டம்!

இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஜாயிண்ட் லூசா இருந்திருக்கும்."

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். "ஜாயிண்ட் நான்தான் சார் போட்டேன்."

"பார்த்தியா?" என்றார் முனியாண்டி.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இறாலை என் மனைவி சம்பல் வைத்தாள். "நல்ல மனுஷங்க" என்றாள். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த வாரம் மீன் வாங்கப் பாசாருக்குப் போனேன். அங்கே தேநீர்க் கடை மேசையில் முனியாண்டி நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இவருதான் லா அந்த சாரு! ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டாரு. என் பொண்டாட்டி போட்ட ஜாயிண்ட்டு! இப்ப வீட்டுல அவளுக்கு 'வயர்மேன்'னு பேரு வச்சாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன்... அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. வாங்க வந்த மீனைக்கூட வாங்காமல் காரை எடுத்தேன். நேராகப் புலாவ் செபாங்.

லெட்சுமி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாட், ஆம்பியர், ஆட்டுக்குட்டி, எல்லாம்.

அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அன்னிக்கு உங்க வீட்டுல ஜாயிண்ட்டுன்னு சொன்னீங்களே... அப்பவே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

லெட்சுமி இரண்டு சட்டைகளை உதறிக் காயப்போட்டார். பிறகு, "அவரு வர்ற நேரந்தான். இருங்க சார். அவருகிட்ட சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பக்கத்து வீட்டுக்கும் கேக்கணும்" என்றார்.

சொன்னேன். சத்தமாகவே. முனியாண்டி என்னைத் திட்டவில்லை. மனைவியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, என் பழைய கட்டுரையைக் கிழித்துப் போடுங்கள். மோட்டாரின் வாட்டைப் பேட்டரியின் வோல்ட்டால் வகுங்கள், ஆம்பியர் வரும். கேபிளின் நீளத்தைப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை அளந்து கூட்டுங்கள். பேட்டரி முன்னால், மோட்டார் ஐந்து மீட்டர் பின்னால் என்றால் கணக்குக்குப் பத்து மீட்டர். ஆம்பியரும் நீளமும் கூடக் கூட கேபிளும் தடிக்க வேண்டும். முனியாண்டி படகுக்கு இப்போது இருபத்தைந்து மில்லி கேபிள் போட்டிருக்கிறோம். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். நான் எழுதாமல் விட்ட இன்னொன்று அது. இதையும் என் பேச்சை நம்பிச் செய்யாதீர்கள். படகு வயரிங் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு ஆற்றில் இறக்குங்கள்.

நன்றாக அமைந்த ஒரு வாக்கியம் உண்மையாகவும் இருக்கும் என்று எழுதுகிறவன் எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறான்!

இதை அனுப்புவதற்கு முன் லெட்சுமிக்கு ஃபோன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான். ஆனா உங்கள நீங்களே இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் சார்."