மஞ்சள் தடவிய மனுக்கள்

என் இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் போய்விட்டது. அதற்கும் சேர்த்து வாய் வேலை செய்கிறது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பொய்யில்லை. வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து மும்பைக்கும் சூரத்துக்கும் வாக்கப்பட்டுப் போன பெண்கள் அளவு ரவிக்கையையும் துணியையும் தபாலில் அனுப்புவார்கள். தைத்துத் திருப்பி அனுப்புவேன். தபால் ஆபீஸ் நாலு வீடு தள்ளி. ஊன்றுகோலோடு நானே போய், நானே பார்சல் போட்டு வருவேன். ஒருத்தரிடமும் போய் நின்றதில்லை.

ஒரு நாள் என் பார்சலை எடை போட்டுக்கொண்டே, அந்த ஆபீஸை நடத்துகிற அக்கா மெதுவாகச் சொன்னார். எங்கள் ஆபீஸை மூடி மம்சாபுரத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். இங்கே கடிதப் போக்குவரத்து போதவில்லையாம். மம்சாபுரம் என்றால் மினி பஸ். அதன் படியில் என்னை ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும், இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அன்று வந்த கோபத்தில் ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

மறுநாளே மனு எழுதினேன். ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி, எட்டுப் பேராக ஷேர் ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். பெரிய காரியம் என்றால் நேரில் போய்க் கையில் கொடுப்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. அங்கே தபால் இலாகாவின் பெரிய அதிகாரி என்னை உட்காரச் சொல்லி, மனுவை ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“இதை ஏம்மா தபால்ல அனுப்பல?”

எனக்கே பேச்சு வராமல் போனதை எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். திரும்பி வரும்போது, பிறந்ததிலிருந்து பார்த்த கோயில் தேரை அன்றுதான் பார்க்கிறவர்கள் மாதிரி எல்லோரும் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தபால் ஆபீஸைக் காப்பாற்றப் போனவர்கள் ஒரு தபால்தலை கூட ஒட்டவில்லை. அந்த வெட்கம்தான் எனக்கு வழி காட்டியது. வீட்டுக்கு ஒரு தபால் கார்டு, அந்தப் பெரிய அதிகாரி பெயருக்கு என்று சொன்னேன். அவரவர் கையால், அவரவர் காரியத்தை எழுதி, நம் ஊர்ப் பெட்டியிலேயே போட வேண்டும். என்ன எழுத என்று கேட்டவர்களை, உன் வீட்டுக்கு எதற்குத் தபால் வருகிறதென்று உனக்குத் தெரியாதா என்று திட்டினேன். ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் மகனைப் பற்றி எழுதினார். ஒருத்தி வேலைக்கான உத்தரவு வந்த நாளைப் பற்றி எழுதினாள். கார்டு தீர்ந்துபோய் ராஜபாளையத்திலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அக்கா அரசாங்கத்து வேலை பார்க்கிறவர், இதில் வாய் திறக்க முடியாது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் என் தையல் மெஷினையும் தாண்டிக் கேட்டது.

மூன்றாம் நாள் பார்சல் போடப் போனவள், கட்டி வைத்திருந்த கார்டுகளைப் பார்த்துத் திகைத்துப் போனேன். ஒவ்வொன்றிலும் நாலு மூலைக்கும் மஞ்சள். எதிர்வீட்டு மதினி ஆரம்பித்து வைத்திருக்கிறார், தெருவே பின்பற்றியிருக்கிறது. நேரே போய்ச் சண்டை போட்டேன். கல்யாணப் பத்திரிகை என்று தூக்கி ஓரமாகப் போடுவார்கள், நம்மைப் பட்டிக்காட்டுக் கூட்டம் என்று சிரிப்பார்கள் என்றேன்.

மதினி அசரவில்லை. “நல்ல காரியத்துக்கு எழுதுற லெட்டருக்கு மஞ்ச வைக்காம எப்பிடிட்டி அனுப்ப?”

அதற்குள் இரண்டு கட்டு போய்ச் சேர்ந்திருந்தது. நான் மதினியோடு பேச்சை நிறுத்தினேன்.

பத்து நாள் கழித்து, நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க ஓர் ஆய்வாளர் வந்தார். முதலில் என் ஊன்றுகோலைப் பார்த்தார், பிறகு நாலு வீட்டுத் தூரத்தைப் பார்த்தார். போகும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். மஞ்சளைப் பார்த்ததும் பெரிய அதிகாரிக்கு வந்த சொந்தக்காரர் வீட்டு விசேஷக் கடிதங்கள் என்று நினைத்து, மனுக்கட்டில் சேர்க்காமல் நேரே அவர் மேஜையில் வைத்துவிட்டார்களாம். அவரும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. ஆனாலும் மதினியிடம் போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை. உத்தரவு வரட்டும் என்று இருந்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா என் வாசலுக்கு வந்து, ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து வாங்கினார். அன்றைய தபால் பையில் அவர் பெயருக்கும் அதே உத்தரவின் நகல் ஒன்று வந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முகம் அதே இறுக்கம். கண் மட்டும் நனைந்திருந்தது. பழுப்பு நிற அரசாங்கக் கவரை நீட்டினார்.

நாலு மூலையிலும் ஈரம் காயாத மஞ்சள்.

நான் கவரைப் பிரிக்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன்.