ஏணி வைத்துப் பறித்த ஏலக்காய்

17.8.1986 – ரூ. 0.00
4.3.1999 – ரூ. 25.00
22.6.2011 – ரூ. 100.00

சின்னமனூர் அய்யாத்துரை முப்பத்தேழு ஆண்டுகள் இலக்கிய, கலை விமர்சகராக இருந்து ஈட்டியது இவ்வளவே. சால்வைகள் 61 தனி. எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் நான். பதிவேடும் அவர் கட்டுரைகளின் பிரதிகளும் என்னிடம் இருக்கின்றன.

எழுதிய மதிப்புரைகள் 412. பாராட்டியவை 3; மூன்றுமே ஆசிரியர் காலமான பிறகு. ஓவியத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோயில் அனுமாரின் கணுக்கால் தப்பு என்று எழுதினார். கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் முகத்தில் ஆழமில்லை என்றார். மாப்பிள்ளை அவருடைய சொந்தத் தங்கை மகன்.

1999இல் போடி ஏலக்காய்க் கடைக்காரர் மகள் மகிமா, பத்தொன்பது வயதில், கவிதைத் தொகுப்பு ஒன்று வெளியிட்டார். பெண்கள் செடியின் காலடியில் குனிந்து காய் பறிப்பதாக அதில் ஒரு வரி. ஆளுயரச் செடியில் காய் உச்சியில்தானே இருக்கும் என்று அய்யாத்துரை முடிவு செய்தார். 'ஏணி இல்லாமல் ஏலம் பறிக்கும் இவர் தோட்டத்தையே பார்த்ததில்லை. எழுதுவதை நிறுத்துவது தமிழுக்கு நல்லது' என்று எழுதினார். அந்த இருபத்தைந்து ரூபாய் இதற்குத்தான் வந்தது.

ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. ஜீப்பில் மலைக்குக் காய் பறிக்கப் போகும் பெண் ஒருத்தி அவரிடமே கேட்டாள்: "அய்யா, ஏணிய எந்தத் தோட்டத்துல சாத்துனீக?"

அவர் திருத்தம் வெளியிடவில்லை. மலையும் ஏறவில்லை.

எழுபது வயதில் அவருக்கு ஒரே ஆசை: தன் கட்டுரைகள் புத்தகமாக வரவேண்டும். பதினோரு பதிப்பகங்கள் மறுத்தன. பன்னிரண்டாவதான மதுரைப் பதிப்பகத்தின் பதில் 20.9.2023 அன்று வந்தது. அங்கே பதிப்பாசிரியர் மகிமா. புத்தகம் போடலாம், ஆனால் 1999 மதிப்புரையைத் தொகுப்பில் காணோமே, அதை ஒரு சொல்லும் மாற்றாமல் முதல் கட்டுரையாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அய்யாத்துரை கடிதத்தோடு என்னிடம் வந்தார்.

"அண்ணே, அதக் கரையான் தின்னுருச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"கரையான் எங்கன வந்துச்சு? மருந்தடிச்ச தேதி பூராம் எங்கிட்ட இருக்கு."

"ஊரு சிரிக்கும்ணே."

"இருபத்துநாலு வருசமாச் சிரிச்சுக்கிட்டுத்தான்ப்பா இருக்கு."

நாற்பத்தொரு நாள் யோசித்து, 31.10.2023 அன்று சம்மதம் எழுதினார். மதிப்புரையின் நகலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு வந்தது ஒரே கடிதம். புத்தகம் அச்சுக்குப் போகிறது என்ற செய்தியோடு அட்டை ஓவியமும் அதில் இருந்தது. ஒரு பெண் செடியின் காலடியில் குனிந்து காய் பறிக்கிறாள். அவளுக்குப் பின்னால், யாரும் ஏறாத ஓர் ஏணி. அய்யாத்துரை அரைமணி நேரம் பார்த்தார். அவர் குறை சொல்லாத முதல் ஓவியம் என்று பதிவேட்டில் எழுதி, கடிதம் வந்த தேதியையும் குறித்தேன்: 12.1.2024, வெள்ளிக்கிழமை.