புகைச் சோதனைக்குப் போன கார்

வாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்த பிறகு, என் கணவர் வீட்டை விட்டு மனதார வெளியே வந்தது எங்கள் பழைய டீசல் காருக்காக மட்டும்தான். கோயில், கல்யாணம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சாயங்காலம் கார்ச்சாவியை எடுத்து ஆட்டினால் போதும், தடியை ஊன்றி எழுந்துவிடுவார்.

இவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். இப்போது நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் இடக்கையால் கதவில் ஒரு தட்டு. நான் தாமதித்தால் இரண்டு தட்டு. பேச்சு முக்கால்வாசி போன மனிதருக்கு என்னை அதட்ட அந்தக் கதவு ஒன்றுதான் மிச்சம். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கடற்கரைச் சாலையைச் சுற்றித் திரும்பும்வரை அவர் நோயாளி இல்லை. வாடகைக் காரில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லாத புதுக் கார். யாரோ கொடுத்தனுப்பிய பொட்டலம் மாதிரி வந்தார், போனார்.

அப்படி ஒரு சாயங்காலம் ஜெலுத்தோங் பக்கம் சாலையில் புகைச் சோதனைக்காக எங்களை நிறுத்தினார்கள். அதிகாரி ஒருவர் புகைக்குழாயில் கருவியைச் செருகி, ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். பின்னால் எழுந்த புகையைக் கண்ணாடியில் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள், பழுதுபார்த்துச் சோதனையில் தேறும்வரை வெளியே எடுக்கக்கூடாது என்று மலாயில் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கார் கிளம்பும்போதெல்லாம் மேல்மாடிச் சீனப் பெண்மணி காயப்போட்ட துணிகளை அவசரமாக உள்ளே இழுப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நியாயம் அவர்கள் பக்கம். அதனால் என் துக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கார் நின்றதும் இவரும் நின்றுவிட்டார். சாப்பாடு பாதியானது. நான் சவரம் செய்துவிடப் போனால் என் கையைத் தட்டிவிடுவார். சாயங்காலமானால் முருகன் படத்துக்குச் சூடம் காட்டுவது மட்டும்தான் விடாமல் செய்த வேலை. அந்த நேரத்துக்கு மட்டும் எழுந்து நிற்பார்.

பழுதுபார்க்க வந்த மெக்கானிக் தம்பி நல்லவர். பழைய ஜப்பான் கார்களை வெட்டி உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் புக்கிட் தெங்கா வரைக்கும் அலைந்து, இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைத் தேடிக் கொண்டுவந்து எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயே மாட்டிக் கொடுத்தார். எரிபொருள் பம்ப் மட்டும் பழசுதான், அது போனால் வேறு எங்கும் கிடைக்காது, ஆனால் இந்தச் சோதனைக்குத் தாங்கும் என்றார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

சோதனை நாளன்று காலையில் நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பினேன். காருக்குத் திருஷ்டி கழிக்கலாம் என்று சூடம் தேடினால் டப்பா காலி. முந்தின நாள்தான் நிரப்பியது. எங்கேங்க என்று கேட்டேன். இவர் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொளுத்திவிட்டார் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். காரை இழுவை லாரியில் ஏற்றி நானும் மெக்கானிக்கும் மட்டும் போனோம்.

சோதனை நிலையத்தில் மெக்கானிக் இஞ்சினைக் கிளப்பி முழுதாக மிதித்தார். முன்பு வந்ததைவிடக் கறுப்பாக வந்தது புகை. மறுபடி மிதித்ததும் இஞ்சின் இருமிவிட்டு நின்றது. அவர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாகப் பிசுக்குப் பிடித்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அக்கா, டேங்க்ல என்னா போட்டீங்க? சூடம் வாசன வருது லா.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சூடம் சாம்பல் வைக்காமல் எரியும் என்று பிறந்ததிலிருந்து கேட்டவர் இவர். கார் அப்படி எரிந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார். சாம்பல் வைக்காது என்பது சரிதான். சூடத்தட்டில் பிடிக்கும் கரியை வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பவள் நான். இவர் ஒருநாளும் அந்தத் தட்டைக் கழுவியதில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, தடியைக் காரில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் கையால் டேங்க் மூடியைத் திறந்து, வில்லை வில்லையாக உள்ளே போட்டிருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. நிலையத்து அதிகாரி என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அடைத்துக்கொண்டதில் பம்ப் இறுகிவிட்டது என்று மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னார். இனி அந்தக் கார் ஓடாது.

வீட்டுக்கு வந்தேன். இவர் வாசலருகே நாற்காலியில் இருந்தார். தானே சவரம் செய்து கன்னத்தில் கீறிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, காலில் செருப்பு. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். வார்த்தையைச் சேர்க்க வெகுநேரம் ஆயிற்று.

“சூடம்... கொறஞ்சு போச்சா?”

உண்மையைச் சொன்னால் இவர் மறுபடி சூடம் ஏற்றமாட்டார் என்று தெரியும்.

“ஆமாங்க. கொஞ்சம் கொறஞ்சு போச்சு.”

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு இடக்கையால் நாற்காலியில் இரண்டு முறை தட்டினார். எனக்கு நன்றாகத் தெரிந்த அதட்டல். இன்னும் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கக் கூடாதா என்று.