அரை நகம்

என் மாமனாருக்கு நான்கு பிள்ளைகள். மூன்றாமவருக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். கடைசிப் பிள்ளைக்கு வந்தவள்தான் என் ஓரகத்தி. அவளைக் கட்டைவிரல் என்றே கூப்பிடுவோம். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

கடலோரக் கோட்டையின் மதில்மேல் ஒரு பெரிய பித்தளைத் தொலைநோக்கி உண்டு. நாற்பது வருடமாக அதற்கு அவள்தான் பொறுப்பு. காலையில் உப்புப் படிந்த கண்ணாடியைத் துடைப்பாள். வருகிறவர்களுக்குத் திருப்பிக் காட்டுவாள். ஆனால் அவள் நம்பியது விரலைத்தான். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூரத்துக் கப்பலை நகத்தோடு ஒட்டி வைத்துப் பார்ப்பாள். "கால்வாசி நகம். பொழுது சாயுறதுக்குள்ள வந்துடும்" என்பாள். வந்துவிடும். எதிரே பாறைமேல் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர் அவள் தகப்பனார். பிறந்த வீட்டுப் பழக்கம் அது. பெண் பார்க்கப் போனபோது என் கொழுந்தனையும் அப்படித்தான் அளந்தாள் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகும் அவள் உடனே வீட்டுக்கு வரமாட்டாள். வெறுங்கடலையும் தகப்பனார் ஏறி இறங்கிய விளக்கையும் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்தக் கடலில்தான் காற்றாலைகள் நடப்போவதாகச் சொன்னார்கள். முதலில் காற்றை அளக்க ஒற்றைக் கம்பம் ஒன்றை நட்டார்கள். ஊர் இரண்டுபட்டது. அவளுடைய அண்ணன் கோட்டையைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. முந்நூறு வருடமாக மாறாத காட்சியைக் கெடுக்க விடமாட்டோம் என்று ஒரு குழு சேர்த்தார்.

"கூட்டத்துல நீதான் பேசணும். உன்னை விட அந்தக் கடலைப் பாத்தவ எவ இருக்கா?" என்றார் தங்கையிடம்.

"எனக்கும் அது வேணாம்தாண்ணா. பேசுறேன்" என்றாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். நானும் போயிருந்தேன். அண்ணனின் குழு கதவளவு படம் ஒன்றைத் தூக்கி நிறுத்தியது. காற்றாலைகள் வேலி அடைத்தாற்போல் கடலை மறித்து நின்றன. கலங்கரை விளக்கு அவற்றுக்கு முன்னால் தீக்குச்சியாகத் தெரிந்தது. மதிலிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமா என்று விசாரணை அதிகாரியம்மா கேட்டார்.

அவள் எழுந்து கட்டைவிரலை நீட்டினாள். பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"நீங்க நட்ட கம்பத்தைத் தினம் பாக்குறேம்மா. கால்வாசி நகம். காத்தாலை அதைப் போல ரெண்டு மடங்குங்கிறீங்க. அப்போ அரை நகம். இந்தப் படத்துல விரல் முழுக்க இருக்கு. இது தப்பும்மா."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அடிப்பாவி, என் கூடப் பொறந்தவதானாடி நீ?"

"கண்ணு பாத்ததைத்தானேண்ணா சொல்ல முடியும்?" அவள் உட்காரவில்லை. அதிகாரியின் மேசையிலிருந்த வரைபடத்தில் கையை வைத்தாள். "அரை நகம்னாலும் விளக்குக்கு நேர் பின்னால வரக்கூடாதும்மா. நீட்டின கையில ஒரு முஷ்டி அகலம் இடம் விடுங்க. மத்தது எங்க வேணா நிக்கட்டும். வருஷத்துல கொஞ்ச நாள் சூரியன் அங்கதான் இறங்கும்."

அதிகாரியம்மா அதை எழுதிக்கொண்டார். தன் பக்கத்துப் பொய்யையே பொய் என்றவள் கேட்டதால்தானோ என்னவோ, இடம் விட்டார்கள்.

அண்ணன் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. என் மகள் கல்யாணத்தில் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தபோதுகூட, "உப்பைத் தள்ளச் சொல்லுங்க" என்று என்னிடம்தான் சொன்னார்.

பிறகு காற்றாலைகளின் இறக்கைகள் கப்பலில் போயின. ஒன்று மதிலைக் கடந்துபோனதைப் பார்த்தேன். போகிறது, போகிறது, முடிவதாக இல்லை. கோட்டையின் முன்மதிலைவிட நீளம்.

அவை சுற்றத் தொடங்கிய அன்று மதில்மேல் நிற்க இடமில்லை. நடுவே முஷ்டி அகலத்துக்குக் கடல் வெறுமையாக இருக்க, விளக்கு அதில் தனியாக நின்றது. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணனும் வந்திருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மெல்லக் கட்டைவிரலை நீட்டினார்.

"எவ்வளவுண்ணா?" என்றாள் அவள்.

திரும்பிப் பார்த்தார். "அரை நகம்தாண்டி."

"இப்போ இதுல பாருங்க." தொலைநோக்கியை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு காற்றாலை மட்டும் சுற்றாமல் நின்றுகொண்டிருந்தது.

"உச்சியில செவப்பா ஏதோ புள்ளி தெரியுதே?"

"ஆளுண்ணா. பழுது பாக்க ஏறியிருக்கான்."

"ஆளா?" தொலைநோக்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். "அது ஆளுன்னா... அம்மாடி, அது எவ்வளவு பெருசுடி!"

கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அண்ணா, வரிசை நிக்குது."

"நிக்கட்டும், இரு. அவன் கீழ இறங்கட்டும்."