அழாத பிள்ளைக்கு மைக்கில் ஒரு பாராட்டு

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் கேவலமாக இருக்கும். சாவுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளையை நான் மைக்கில் பாராட்டினேன். பாராட்டியதோடு விட்டேனா? மண்டபத்தில் இருந்த அத்தனை பேரையும் கைதட்ட வைத்தேன்.

சங்கரன்கோவிலில் எனக்கு மைக் செட், சீரியல் லைட் வாடகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு முதலில் நான்தான் பேசிப் பார்ப்பேன். அதில் கிடைக்கிற சுகத்துக்குச் சோறுகூட வேண்டாம் என்பேன். என் தொப்பையைப் பார்த்த யாரும் இதை நம்பியதில்லை.

அந்த மழை இப்போது நினைத்தால் கனவு மாதிரிதான் இருக்கிறது. குருவிகுளத்துக்கும் இளையரசனேந்தலுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் மானாவாரிக் காடு. மழைக்கு அண்ணாந்து பார்த்துப் பார்த்தே அங்குள்ளவர்களுக்குக் கழுத்து ஒரு விரல்கடை நீளம் என்று நாங்கள் கேலி செய்வோம். இரண்டு வருஷம் ஏமாற்றிய வானம் ஒரு மார்கழியில் மொத்தக் கணக்கையும் மூன்று நாளில் கொட்டித் தீர்த்தது. குளங்கள் உடைந்தன. மண்சுவர்கள் ஊறி, மாடு படுப்பதுபோல மெதுவாகப் படுத்தன. டிராக்டர்களில் ஆட்களை ஏற்றிவந்து எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் இறக்கினார்கள்.

அங்கே நடக்க வேண்டிய கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. அலங்காரத்தைப் பிரிக்க ஆள் வரவில்லை. மேடையில் இரண்டு தெர்மோகோல் அன்னங்கள் கழுத்தைக் கழுத்தோடு சேர்த்து நின்றன. அவற்றின் சிறகடியில் பிள்ளைகள் தூங்கின. மாப்பிள்ளை பெண் உட்காரும் சிம்மாசனத்தில் ஒரு ஆட்டுக்குட்டி. தூணுக்குத் தூண் சேலைத் தொட்டில். வாடிய மல்லிகை வாசமும் நனைந்த கம்பளி வாடையும் கலந்து, பகல் எது சாயங்காலம் எது என்று பிரியாத ஒரு சாம்பல் வெளிச்சம். யாரோ தூக்கத்தில் கண்ட கல்யாணத்துக்குள் நான் மைக்கோடு நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

அறிவிப்புச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சாப்பாடு தயார், போர்வை வந்திருக்கிறது, இவ்வளவுதான் வேலை. முதல் நாள் ஒழுங்காகச் சொன்னேன். இரண்டாம் நாள் வாய் ஊறத் தொடங்கியது. ஒயர் இல்லாத மைக் வேறு. கையில் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

மேடைக்குக் கீழே ஒரு தாய். இருபத்திரண்டு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. மடியில் கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. தோளில் சாய்ந்தபடி மூத்தவன், இரண்டு வயது இருக்கும். சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் வெண்டைக்காய்க் காம்பாக இருக்க, இவன் மட்டும் உப்பிய கன்னமும் உருண்ட பாதமுமாக, பூரணம் அதிகம் வைத்த கொழுக்கட்டைபோல இருந்தான். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. எதையும் கேட்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எல்லாரும் இங்கன பாருங்க! மண்டபத்துலயே கொழுகொழுன்னு இருக்கது நம்ம மாப்பிள்ளை ஒருத்தர்தான்! ஊரே அழுவுது, இவரு ஒரு சொட்டு கண்ணீர் விடுதாரா பாருங்க! வீரனுக்கு ஒரு கைதட்டு!"

தட்டினார்கள். மூன்று நாளாகச் சிரிக்காத சனம் சிரித்துக்கொண்டே தட்டியது. அந்தத் தாய் சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையை மூடினாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் பிள்ளையைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. குண்டாக இருந்தால், "என்ன இப்பிடி எளச்சுட்டான்?" என்றுதான் கேட்பார்கள். பெற்றவளும் சந்தோஷமாக, "சாப்பிடவே மாட்டேங்கான்" என்பாள். இந்தப் பொய்யில் வளர்ந்தவன்தான் நானும். ஆனால் கையில் மைக் இருந்தால் எனக்கு வளர்ப்பு மறந்துபோகும்.

மறுநாள் காலை மண்டபத்து வாசலில் விட்டிருந்த என் செருப்பைப் பார்த்தேன். கரிசல் மண் அப்பி ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருந்த செருப்பு, இப்போது பளிச்சென்று சுத்தமாக இருந்தது. யாரோ சுரண்டித் துடைத்திருக்கிறார்கள். நெஞ்சு நிறைந்துவிட்டது. நேராகச் சமையல்காரரிடம் போனேன்.

"பார்த்தீரா வே, சனத்துக்கு நம்ம மேல எம்புட்டு மரியாதைன்னு."

அவர் அண்டாவைக் கிண்டுவதை நிறுத்தினார். "மரியாதையா? மேடைக்குக் கீழ இருக்க அந்தப் பொண்ணு ஒம்ம காலடி மண்ணச் சுரண்டிட்டுப் போச்சு வே. மூணு மிளகா, கல்லுப்பு, ஒம்ம செருப்பு மண்ணு. பிள்ளைக்குச் சுத்தி என் அடுப்புலதான் போட்டுச்சு."

"நெடி வந்துச்சா?"

"ஒரு தும்மல் வரணுமே! மூட்டை மிளகாயக் கொட்டுனாலும் வராது. ஒம்ம கண்ணு அப்பிடி."

நெடி வராவிட்டால் கண்பட்டது உறுதி என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அவள் அதன் பிறகு பிள்ளையை வெளியே காட்டவே இல்லை. மேடைக்குப் பின்னால், மணப்பெண் அலங்கார அறைக்கு வெளியே, இரண்டு வேட்டிகளைத் திரைபோலக் கட்டி உள்ளே போய்விட்டாள். நான் அந்தப் பக்கம் போனால், அசைந்துகொண்டிருந்த வேட்டி உடனே நின்றுவிடும்.

அன்று மத்தியானம் ஒரு நர்ஸ் வந்தார். கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட ஒரு நாடா. பிள்ளைகளின் மேல்கையைச் சுற்றி அளப்பார். கை மெலிந்து சிவப்பில் நின்றால் தனியாக உட்கார வைப்பார். நான் கடைத்தெருவில் வசூல் செய்து கொண்டுவந்த பால்பவுடர் டின்களையும் ரப்பர் வைத்த பாட்டில்களையும் பெருமையோடு அவர் முன்னால் அடுக்கினேன்.

"இதத் திருப்பிக் கொண்டு போயிருங்க அண்ணாச்சி. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கலங்கத் தண்ணியில பவுடரக் கரைச்சுக் குடுத்தா பேதிதான் மிச்சம். தாய்மாருக்கு ரெண்டு முட்டை கூடுதலாக் குடுக்கச் சொல்லுங்க."

டின்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன். நர்ஸ் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "எல்லாப் பிள்ளையும் வந்தாச்சா?"

"ஒருத்தன் மட்டும் பாக்கி. ஆனா அவன் ஒங்களுக்குத் தேவைப்பட மாட்டான் சிஸ்டர். கன்னம் ரெண்டும் பன்னு. காலு தலகாணி மாதிரி இருக்கும். அழுகைன்னா என்னன்னே தெரியாது."

நர்ஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "காலு தலகாணி மாதிரியா? எங்க இருக்கான்?"

வேட்டித் திரைக்கு முன்னால் போய் நின்றோம். உள்ளிருந்து குரல் வந்தது. "அவுக வந்தா நான் பிள்ளையக் காட்ட மாட்டேன்."

அவுக என்றால் நான்.

"அவரப் போகச் சொல்லுதேன்மா" என்றார் நர்ஸ்.

"போயிட்டுத் திரும்பிப் பாப்பாக. ஒளிஞ்சு பாப்பாக. எனக்குத் தெரியும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அப்படித்தான் பார்த்திருப்பேன். வேறு வழி தெரியாமல் என் தோள் துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் சம்மணம் போட்டேன். "இந்தா கட்டிட்டேன் தாயி. இனி குருடன்தான். வேணும்னா வாயையும் கட்டுதேன்."

"அதத்தான் மொதல்ல கட்டியிருக்கணும்" என்றாள். ஆனால் வேட்டி விலகும் சத்தம் கேட்டது.

துண்டுக்குள் இருட்டு. கூரைத் தகரத்தில் மிச்சத் தூறல் சீராக விழுந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு தொட்டில் கயிறு கீச்சிட்டது. நர்ஸின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தது. "இங்க பாருமா, நான் அமுக்குதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. விரல எடுத்துட்டேன். குழி அப்பிடியே நிக்கி பாத்தியா?"

யாரோ என் கையைப் பிடித்தார்கள். நர்ஸ்தான். என் ஆள்காட்டி விரலை இழுத்துப் பிள்ளையின் புறங்காலில் வைத்தார். மெத்தென்று குளிர்ந்திருந்தது. அதன் நடுவில் ஒரு பள்ளம். மழைக்குப் பின் கரிசலில் மிதித்தால் கால்தடம் நிற்குமே, அப்படி. மண்ணில் நிற்கலாம். பிள்ளையின் காலில் நிற்கக் கூடாது என்பது எனக்கே தெரிந்தது.

"இது சதையில்ல அண்ணாச்சி, நீரு" என்றார் நர்ஸ். "சத்தில்லாம உடம்பு ஊதிக் கெடக்கு. கை நாடாவுலகூட ஏமாத்திரும். அழாத பிள்ளைன்னு சொன்னீகள்லா, அழுகதுக்குத் தெம்பில்ல."

அவள் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். இளையவன் பிறந்ததும் இவனுக்குப் பால் நிறுத்தியது. புருஷன் ஆட்டுக் கிடையோடு தெற்கே வயக்காட்டுப் பக்கம் போனது. காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இவன் இரண்டு மாதம் கிடந்தது. எதைக் கொடுத்தாலும் கக்கியதால் வெறும் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்தது.

"அப்போ இது மழையில வந்ததில்லையா?" என்றேன், துண்டுக்குள்ளிருந்து.

"மழை வீட்ட இடிச்சதாலதான் வெளிய தெரிஞ்சிருக்கு. இப்ப வண்டி எடுங்க."

குழாயும் ஒயரும் ஏற்றுகிற என் வண்டியிலேயே நெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மறுநாள் அரைக் கிலோ அல்வாவோடு போனேன். பிள்ளைக்கு இரண்டு மணிக்கு ஒரு தரம், கிண்ணத்திலிருந்து கரண்டியால், ஏதோ மருந்துப் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவுதானா?" என்று எங்கள் நர்ஸுக்கு போன் போட்டுக் கோபப்பட்டேன்.

"பல நாளா கரண்டு இல்லாத வீடு அண்ணாச்சி. எடுத்த எடுப்புல மொத்த லோடையும் போட்டா ஒயர் கருகிராதா? ஒங்க தொழில்தான, தெரியாதா?"

தெரியும். அல்வாவை மருத்துவக் காரணங்களுக்காக நானே வராந்தாவில் உட்கார்ந்து தின்று முடித்தேன்.

ஆறாம் நாள் அவள் பக்கத்துக் கட்டில்காரியின் போனிலிருந்து கூப்பிட்டாள். "வண்டியக் கொண்டாங்க அண்ணாச்சி. இங்கன வச்சிருந்தா பிள்ள செத்துருவான். நான் ஊருக்குப் போறேன்."

ஓடினேன். கட்டிலைப் பார்த்தேன். கொழுக்கட்டை இல்லை. ஒரு சின்னக் கிழவன் கிடந்தான். விலா எலும்பை எண்ணலாம். முன்பு இடுப்பில் பதிந்து கிடந்த அரைஞாண் கயிறு இப்போது நழுவித் தொடையில் கிடந்தது. அவன் நெற்றியில் கோவில் புற்றுமண் பூசியிருந்தாள். துணிமூட்டை கட்டித் தயாராக இருந்தது.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். "வத்துனது நீரும்மா" என்றார் எங்கள் நர்ஸ். "உள்ள இருந்தது இந்தப் பிள்ளதான். இனிமேத்தான் சதை பிடிக்கும். இப்பக் கூட்டிட்டுப் போனா பிள்ள தங்காது."

"அவுக சொல்லுவாக" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கதான அன்னைக்கு மைக்குல சொன்னீக, கொழுகொழுன்னு இருக்கான்னு? ஊரே கைதட்டுச்சே. அந்தப் பிள்ள எங்க?"

கண்ணேறு கழித்தது, திரை கட்டியது, அத்தனையும் அவள் செய்தது என் வார்த்தையை நம்பித்தான். நான் சொன்ன கொழுத்த பிள்ளையைத்தான் அவள் எல்லாரிடமிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பிள்ளை இருந்ததே இல்லை.

"தாயி" என்றேன். "நான் ஒரு மடையன். எனக்கு நோயும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. மைக்கு கையில இருந்துச்சு, ஒளறிட்டேன். கைதட்டுனவுகளுக்கும் ஒண்ணும் தெரியாது. நான் தட்டச் சொன்னேன், தட்டுனாக. என் பேச்சக் கேட்டு அவன ஏற்கெனவே ஒளிச்சு வச்சிட்ட. இன்னொரு வாட்டி என் பேச்சுக்காகத் தூக்கிட்டுப் போயிராத."

அவள் மூட்டையை விடவில்லை. ஜன்னல் வழியே வெயில் வந்து கட்டிலில் விழுந்தது. பல நாள் கழித்துப் பார்த்த வெயில். அந்த நேரம் பார்த்துப் பால் கிண்ணம் காலியானது. வார்டு ஆயா அதை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பிள்ளையின் கண் கிண்ணத்தின் பின்னாலேயே போனது. உதடு கோணியது. முதலில் சத்தமே இல்லை. பிறகு, பழைய குழாய் ஒலிபெருக்கி கரகரத்துத் தொடங்குமே, அப்படி ஒரு சத்தம் எங்கிருந்தோ கிளம்பி, பெரிதாகி, வார்டு முழுக்க நிறைந்தது. கையைக் காலை உதைத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கேட்டு, அவன் அழுதான். பெரிய கச்சேரிக்கெல்லாம் ஒலி அமைத்திருக்கிறேன். அப்படி ஒரு சுத்தமான சத்தம் என் செட்டில் வந்ததில்லை.

"ஏலே" என்றாள் அவள். மூட்டை கையிலிருந்து நழுவியது. "ஏலே, பசிக்குதால?"

வண்டியில் நான் மட்டும் திரும்பினேன்.

அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை அறிவிக்கும் பந்தலில் நான் இருந்தேன். தெருவே தலையாக நகர்ந்துகொண்டிருந்தது. சீரியல் பல்புகள் பட்டப்பகலிலேயே எரிந்தன, யாரோ அணைக்க மறந்த கனவுபோல. கூட்டத்துக்குள்ளிருந்து அவள் வந்தாள். இடுப்பில் சின்னவன். கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை, அவளை இழுத்துக்கொண்டு, பெரியவன். வந்த வேகத்தில் மேசை மேல் ஏறி என் மைக்கைப் பிடுங்கப் பார்த்தான். கொடுக்காததற்கு ஊரைக் கூட்டி அழுதான். கன்னம் இருந்தது. நிஜக் கன்னம். யாரும் பார்க்காதபோது புறங்காலில் ஒரு விரல் வைத்து அமுக்கினேன்; பள்ளம் நிற்கவில்லை, உதைதான் கிடைத்தது.

முதல் காரியமாக மைக் சுவிட்சை அணைத்தேன். அந்த அளவுக்குப் படித்திருந்தேன். பிறகும் வாய் நிற்கவில்லை.

"தாயி, பையனப் பத்தி ஒரே ஒரு வார்த்தை, மெதுவாச் சொல்லிக்கிடவா?"

அவள் என் காலைப் பார்த்தாள்.

"மொதல்ல செருப்பக் கழத்துங்க அண்ணாச்சி."