புனேவுக்குக் காரில் போன கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில் எங்களுக்கு ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. என் கணவர் இன்ஜின் வேலை பார்ப்பார். ஒயரிங், லைட், செல்ஃப் மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, எஸ்டேட்டுக்குள் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் பேனல் ஒயரிங் செய்தேன். மகள் பிறந்ததும் அந்த வேலை நின்றது. பிறகு கடையிலேயே ஒரு மூலையில் ஸ்டூல் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச வருடமாக ஷிப்டுக்கு வருகிறவர்கள் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றுபோனால் எங்கள் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். பிரேக், பேரிங், டயர் என்றால் பார்த்துக் கொடுப்போம். பேட்டரி என்றால் கையை விரித்துவிடுவோம். அப்படித் திருப்பி அனுப்பும்போது என் கணவர் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில்தான் புனேவில் நடக்கும் பயிற்சியைப் பற்றிப் படித்தேன். ஐந்து நாள். பாடமாகச் சொல்வது குறைவு. பேட்டரியைப் பிரித்து, அளந்து, பழுது பார்த்து, திரும்ப மூடுவதுவரை நம் கையாலேயே செய்யவேண்டும். நான் போகிறேன் என்று சொன்னதும் அவர் யோசிக்காமல் சரி என்றார். பணம் கட்டினேன். குறிப்புகள் என்று முப்பது நாற்பது பக்கம் ஆங்கிலத்தில் அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பொன்னேரி பஜாரில் பிரிண்ட் எடுத்து வைத்தேன்.

அதற்கப்புறம்தான் எப்படிப் போவது என்ற பேச்சு ஆரம்பித்தது. ரயிலில் அந்த வாரம் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட். விமானத்தில் போவதாக நான் முடிவு செய்தேன். பொன்னேரியிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஏர்போர்ட், அப்புறம் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதுவரை நான் விமானத்தில் ஏறியதில்லை. தனியாக எங்கேயும் ஐந்து நாள் தங்கியதும் இல்லை. இரண்டையும் ஒரே தடவையில் செய்துவிடலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் காரில் போகலாம் என்றார். எங்களிடம் ஒரு பழைய டீசல் கார் உண்டு. ஏதோ ஒரு மழையில் மூழ்கிப்போனதை வாங்கி, இன்ஜினை முழுசாகப் பிரித்து அவரே சரி செய்தது. அதில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் போகவேண்டும். போகவர நான்கு நாள், பயிற்சி ஐந்து நாள், ஆக ஒன்பது நாள் கடையைச் சாத்தவேண்டும். நான் விமானத்தில் போனால் கடை திறந்திருக்கும், மகளையும் அவர் பார்த்துக்கொள்வார். இதைவிடத் தெளிவான விஷயம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அவர் ஒவ்வொரு நாளும் ஒரு காரணத்தோடு வந்தார். பழுதான பேட்டரி இருந்தால் கொண்டுவரலாம் என்று அந்த அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. எங்கள் கடையில் ஒருவர் விட்டுவிட்டுப் போன பேட்டரி ஒன்று கிடந்தது. அதை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள் என்றார். அது உண்மைதான். நான் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு போன் செய்தேன். எங்களிடம் ஒரு அறை நிறையக் கெட்டுப்போன பேட்டரி இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்று சிரித்தார்கள். மறுநாள், டூல்ஸ் கொண்டுபோக முடியாதே என்றார். டூல்ஸும் அங்கேயே தருகிறார்கள் என்றேன். அடுத்த நாள் மழை, புனேவில் இந்த மாதத்தில் விடாமல் பெய்யும், ஃபிளைட்டைக் கேன்சல் செய்துவிடுவார்கள் என்றார்.

இதற்கிடையில் நான் எதற்கும் சரி சொல்லாமலேயே காருக்கு ஆயில் மாற்றினார். ஃபேன் பெல்ட் மாற்றினார். புது வைப்பர் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தனியாகப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்ல வாய் வராமல் பேட்டரி, மழை என்று சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து வருடமாக ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் வேலை பார்க்கிற மனிதர், என்மேல் இவ்வளவுதானா நம்பிக்கை என்று இருந்தது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு டிக்கெட் போட உட்கார்ந்தேன். மகள் டியூஷன் போயிருந்தாள். அவர் வாசலில் காருக்குக் கீழே படுத்திருந்தவர் எழுந்து உள்ளே வந்து, சோப்புத் தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் என்று போனில் கேட்டது. நான் வேண்டுமென்றே அவர் காதில் விழும்படி, "ஒருத்தர்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.

குழாயை மூடிவிட்டு அவர் அங்கேயே நின்றார். கையைத் துடைக்கவில்லை.

"நானும் வர்லாமான்னு அவங்கள ஒரு வார்த்த கேக்கறியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எங்கே என்றேன்.

"கிளாசுக்கு. எனக்கு சீட்டுலாம் வேணாம். வெளிய நின்னு பாத்துக்கினு இருந்தாக்கூட போதும்."

அவர் எட்டாவதோடு நின்றவர். தமிழ் தினசரியை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். ஆனால் எங்காவது ஃபாரம் நிரப்பவேண்டும் என்றால் என்னை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்பார். இப்படி ஒன்றை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் போனைக் கீழே வைத்தேன். முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ரெண்டு டிக்கெட்டாகப் போட்டிருப்பேனே என்றேன். அவர் எனக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஃபிளைட்ல போனா ரெண்டு மணி நேரத்துல எறக்கி உட்டுடுவான். கார்ல போனா ரெண்டு நாளு இருக்கு. நீ அந்த பேப்பர எல்லாம் படிச்சி எனக்கு சொல்லிக்கினே வா. அங்க போய் நிக்கிறப்போ இன்னா ஏதுன்னு தெரியாம முழிக்கக் கூடாதில்ல."

வீட்டில் வைத்துப் படித்துக் காட்டியிருக்கமாட்டேனா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கடை, சமையல், மகளின் பள்ளிக்கூடம், இதற்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு போன் செய்தேன். அவருக்குத் தனி மேஜை தரமுடியாது, என் மேஜையிலேயே எனக்குத் தரும் டூல்ஸைப் பகிர்ந்துகொண்டு கூட இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். மகளுக்குத் துணையாகக் கவரைப்பேட்டையிலிருந்து என் தங்கை வந்தாள். கடை ஷட்டரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு, விடியற்காலையில் கிளம்பினோம்.

திருவள்ளூர், அரக்கோணம் தாண்டும்வரை தாளை எடுக்கவில்லை. ராணிப்பேட்டையில் நாஷ்டா முடித்துப் பெரிய ரோட்டில் ஏறியதும் ஆரம்பித்தேன். ஓடும் காரில் படித்தால் தலை சுற்றும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கால் மணி நேரத்தில் வண்டியை ஓரம்கட்டச் சொல்லவேண்டியதாயிற்று. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் இரண்டு பக்கம் படித்துக்கொள்வேன். வண்டி ஓடும்போது தாளை மூடிவைத்துவிட்டு, படித்ததைத் தமிழில் சொல்வேன்.

அவர் கேட்ட கேள்விகள் என்னைத் திணறடித்தன. ஐ.டி.ஐ.யில் நான் மனப்பாடம் செய்த விஷயங்களை அவர் ஏன், ஏன் என்று கேட்டார். ஒரு பேட்டரிக்குள் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன செல்கள் இருக்கும், அதில் ஒன்று சோர்ந்துபோனாலும் மொத்தமும் படுத்துவிடும் என்று சொன்னபோது முன்னால் போன லாரியைத் தாண்டினார். பிறகு, நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று எரியாவிட்டால் மற்ற மூன்றும் இழுத்து இழுத்துக் கெடுமே, அந்த மாதிரியா என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். சித்ரதுர்காவில் காற்றாலைகள் வந்தபோது நான் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அன்று தாவணகெரேயில் தங்கினோம். மறுநாள் கோலாப்பூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாத்தாராவுக்கு அப்புறம் வந்த மலைப்பாதையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எனக்கு முந்தின நாள் பாடத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

பயிற்சியில் பதினெட்டு பேர். பெண் நான் ஒருத்திதான். சொல்லிக்கொடுத்தவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, ஐந்து நிமிடத்தில் முழுக்க இந்திக்குப் போய்விட்டார். எனக்கு இந்தி எழுத்து கொஞ்சம் தெரியும், பேச்சு பிடிபடாது. கடைக்கு வரும் ஒடிசா, பீகார் பையன்களோடு தினமும் பேசிப் பேசி என் கணவருக்கு இந்தி நன்றாக வரும் என்பதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொன்றாகக் குனிந்து என் காதில் சொன்னார். போர்டில் எழுதியதை நான் அவருக்குச் சொன்னேன். தனியாக வந்திருந்தால் முதல் நாளே பாதியை விட்டிருப்பேன். அது எனக்குக் கொஞ்சம் உறைக்கவும் செய்தது.

மூன்றாம் நாள் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு கெட்ட பேட்டரியைக் கொடுத்தார்கள். நான் மீட்டரில் அளந்துகொண்டே போனேன். எல்லா அளவும் சரியாக இருந்தது. ஆனாலும் மோட்டாரை மாட்டி லோடு கொடுத்தால் படுத்துவிட்டது. இரண்டாம் தடவையும் அளந்தேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு, பேட்டரியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். செல்களை இணைக்கும் ஒரு தகட்டின் ஓரம் மயிரிழை அளவு தூக்கியிருந்தது. பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தது. சொல்லிக்கொடுத்தவர் வந்து பார்த்து, எப்படித் தெரிந்தது என்று இந்தியில் கேட்டார். என் கணவர் இந்தியில் ஆரம்பித்து, நடுவில் வார்த்தை கிடைக்காமல் தமிழுக்கு மாறி, கையால் காட்டி முடித்தார். அந்த மனிதர் கடைசிவரை கேட்டுவிட்டு, அடுத்த மேஜைக்காரர்களையும் கூப்பிட்டு அந்தத் தகட்டைக் காட்டச் சொன்னார். என் கணவர் ஒவ்வொருவருக்கும் பேட்டரியை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்.

கடைசி நாள் சான்றிதழ் ஒன்றுதான் வைத்திருந்தார்கள், என் பெயரில். அவர் டீ குடிக்க வெளியே போயிருந்த நேரத்தில் நான் ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெயரைச் சொல்லுங்கள் என்றாள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் பெயரில் அடித்துத் தந்த சான்றிதழை அவர் கையில் கொடுத்தேன். காரில் ஏறியதும் டேஷ்போர்டைத் திறந்து, உள்ளே இருந்த எண்ணெய்த் துணியையெல்லாம் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, அதை மடங்காமல் வைத்தார்.

திரும்பி வந்து ஒரு வாரம் எனக்கு முதுகு வலித்தது. விமானத்தில் போயிருந்தால் இது இருந்திருக்காது என்று அவரிடமே சொன்னேன். ஆமாம் என்றார்.

நாங்கள் முதலில் திறந்தது எஸ்டேட்டில் ரப்பர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணின் ஸ்கூட்டர் பேட்டரியை. இரண்டு மாதமாக ஷேர் ஆட்டோவில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். காலையில் ஆரம்பித்தோம். ஒரு தடவை மூடி, சரியில்லாமல் மறுபடியும் திறந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு வண்டி கடையைச் சுற்றி ஓடியது. அவள் வந்ததும் இன்ன இன்ன செய்தோம், எப்படிச் சார்ஜ் போடவேண்டும் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "அண்ணா, செகண்ட் ஷிப்டு, லேட்டாயிடுச்சி, நாளைக்கு வந்து கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அவர் கையில் மீட்டரை வைத்துக்கொண்டு, அவள் போன பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த வண்டியை உள்ளே தள்ளினோம்.