போன் வருகிறதா என்று கேட்டவர்

மூன்று வருடங்களுக்கு முன், கேரளத்துச் சித்தூர் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. கணவர் ராணுவத்தில், எல்லையில் இருந்தார். நானும் இரண்டு பிள்ளைகளும் இங்கே. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு சும்மா உட்கார எனக்கு வராது. அதனால் பஞ்சாயத்து பாலியேட்டிவ் குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். நர்ஸோடு வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கும் வேலை. ஊர்க்கதை கேட்கத்தான் போகிறாய் என்று கணவர் கேலி செய்வார். அதுவும் பொய்யில்லை. யார் வீட்டில் என்ன என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்படிப் போன ஒரு வீட்டில், கள் இறக்கும்போது தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன ஒருவர் இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. முதுகுக்குக் கீழே படுக்கைப்புண். தினமும் கொஞ்ச நேரமாவது எழுந்து உட்காராவிட்டால் புண் எலும்பு வரை போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். குழு கொடுத்த சக்கர நாற்காலியை அந்தச் சின்ன அறையில் விரிக்க முடியாது. வாசலில்தான் முடியும். வாசல் சாலையைப் பார்த்தது. அவர் வெளியே வரவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். முதல் நாள் எங்களோடும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, இப்பவாச்சும் ஊட்டுக்காரர் போன் நேரத்துக்கு வருதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கணவர் மிலிட்டரி என்பது ஊருக்கே தெரியும். ஆனால் போன் வராத நாட்களில் நான் படும் பாட்டை என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எங்கே இருக்கிறார், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கக் கூடாது. மிலிட்டரிக்காரன் மனைவி முதலில் படிக்கிற பாடமே அதுதான். தாங்க முடியாத நாளில் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவேன். இது இவருக்கு எப்படித் தெரியும்? அவர் மனைவியைத் துருவினேன். அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மேல் சந்தேகப்பட்டு, பாவம், அவளிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மண்டை குடைந்தது.

ஒருநாள் புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்த்த நர்ஸ், எலும்பை நெருங்கிவிட்டது என்றார். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரோட்டுல போறவங்க பார்த்தாத்தான் என்னங்கண்ணா? பார்த்துட்டுப் போகட்டுமுங்க" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா அம்மணி, அது எப்படி இருக்கும்னு?" என்றார் அவர், மெதுவாக.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோப்பு அவர் கள் இறக்கிய தோப்பு. கூரையில்லாத மறைப்பில் பெண்கள் குளிப்பார்கள் என்பதால், மரம் ஏறும்முன் ஒரு கூப்பாடு போடுவது கள் இறக்குபவர்களின் வழக்கம். அப்படிக் கூவிவிட்டு ஏறிய ஒருநாள், அந்தச் சத்தம் கேட்டு நான் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனும் கையுமாக இறங்கி ஓடியதைப் பார்த்திருக்கிறார்.

"கூவினா நீங்க பாதி அழுகையில ஓடுவீங்க. அதுக்கப்புறம் நீங்க போனோட மாடிப்படி ஏறுனாலே நான் மரம் ஏறமாட்டனுங்க. நீங்க எறங்கற வரைக்கும் வாய்க்கா மேட்டுல உக்காந்துக்குவேன். லேட்டாச்சுன்னு கான்ட்ராக்டர் வைவாரு. வைதா வையட்டும்."

தனியாக அழுதேன் என்று நினைத்திருந்தேன். அந்தத் தனிமையை ஒருவர் எனக்காகக் காவல் காத்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் நானும் அவர் மனைவியும் வாசலில் நாற்காலியை விரித்தோம். "நீங்க வாங்கண்ணா, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சாலை முனைக்குப் போய் நின்றேன். வந்தவர்களையெல்லாம் பேச்சுக் கொடுத்தே நிறுத்தினேன். ஒருத்தரிடம் மகள் கல்யாணம், இன்னொருத்தரிடம் வாய்க்கால் தண்ணீர். அதற்கும் மசியாதவர்களை வரப்பு வழியே சுற்றிப் போகச் சொன்னேன். வாயாடுவது எனக்கென்ன புதிதா?

எனக்குப் பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அழுகிற சத்தமும்.

பல மாதம் அப்படியே போனது. புண் ஆறியது. இப்போது அவரே சாலையைப் பார்த்து உட்கார்ந்து, போகிறவர்களை வம்புக்கு இழுக்கிறார். ஆனால் அந்த முதல் நாள் வெயிலில் அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தே பழகிய நான் அன்று ஒருமுறைகூடத் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன்.